கையிலும் வீட்டிலும் அடித்த போன்

மணிக்கட்டு அதிர்ந்தபோதுதான் போன் வீட்டு சோபாவில் கிடக்கிறது என்பது இஸ்திரிக்காரருக்கு நினைவு வந்தது. ஈர விரலால் கடிகாரத்தைத் தேய்த்தார். ஈர விரலை அது மதிக்கவில்லை. நாலு முறை அதிர்ந்து அடங்கியது.

"யாரு?" என்றாள் எதிரே துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா.

"மெத்தை கம்பெனி."

அக்காவுக்கு விஷயம் தெரியும். மெத்தை கம்பெனியில் புகார் கேட்கும் வேலை. முதுகு வலிக்கிறது என்று திட்டுகிறவர்களிடம் குரல் உயர்த்தாமல் பேச வேண்டும். விண்ணப்பம் போட்ட கையோடு, அந்த வேலை கிடைத்துவிட்டது என்று மனைவியிடம் மூன்று வாரம் முன்பே அவர் சொல்லிவிட்டார். தினமும் சட்டையை உள்ளே செருகிக்கொண்டு கிளம்பி, இந்த ஹோட்டல் சலவைக்கூடத்துக்கே வந்துகொண்டிருந்தார். கம்பெனி இன்றைக்குத்தான் கூப்பிடுகிறது.

"வாட்ச்லயே பேசலாம்ல? அப்புறம் என்ன பயம்?"

"நம்பர் ஒண்ணுதான்க்கா. இங்கயும் அடிக்கும், வீட்லயும் அடிக்கும். யாரு முதல்ல எடுக்குறாங்களோ அவங்களுக்கு."

அக்கா சிரிக்கவில்லை. அதுவே அவரைக் கலக்கியது.

கூடத்தில் நீராவி இடுப்புயரம் நின்றது. இஸ்திரி உருளைகளுக்கு நடுவிலிருந்து வெள்ளை விரிப்புகள் அவசரமில்லாமல் மிதந்து வந்தன. கொஞ்ச நேரம் பார்த்தால் நிற்கிறோமா படுத்திருக்கிறோமா என்பது மறந்துபோகும். அந்த மிதப்பில் கடிகாரம் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை எங்கோ ஆழத்தில், வேறு யாருடைய கையிலோ அதிர்வதுபோல.

"மூக்கால அழுத்துங்க. மூக்கு காஞ்சிருக்கும்," என்றாள் அக்கா.

அழுத்தினார். அவர் மூக்கு கொஞ்சம் அகலம். பச்சையைத் தேடிப்போய்ச் சிவப்பில் இறங்கியது.

"கட் பண்ணிட்டீங்களே."

"மூக்குக்குக் கண்ணு இருக்கா?"

கையைத் துடைத்தார். கடிகாரத்தின் மேல் ஈரம் படாமல் கண்ணாடித்தாள் உறையைச் சுற்றினார். மனைவியின் போனுக்கே பேசிவிடுவது என்று முடிவெடுத்தார். சத்தத்தை முழுசாக வைத்தார். உறைக்குள்ளிருந்து அவள் குரல் குளத்துக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்தது. கூடத்தில் இருந்த ஆறு பேரும் வேலையை நிறுத்தினார்கள்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. என் போனு அங்க இருக்கு. அடிச்சா எடுக்காத."

"இதுவரைக்கும் எடுத்திருக்கனா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு இன்னிக்கு மட்டும் சொல்றீங்க?"

அவர் மணிக்கட்டை நீராவியிலிருந்து விலக்கிப் பிடித்தார்.

"அங்க என்ன தண்ணி கொதிக்குது?"

"ஏசி."

"ஏசி கொதிக்குமா?"

"பழைய ஏசி."

வைத்துவிட்டாள். இனி அவள் சோபாவை விட்டு எழமாட்டாள் என்பது அவருக்குத் தெரிந்தது.

மூன்றாம் முறை அடித்தபோது விரல் காய்ந்திருந்தது, உறைதான் வழுக்கியது. ஒரே ஒரு அதிர்வு. பிறகு அமைதி. 'வேறு சாதனத்தில் பதிலளிக்கப்பட்டது' என்று எழுத்து மின்னி மறைந்தது.

"எடுத்துட்டா," என்றார்.

பதறிப்போய்த் தன் எண்ணையே கூப்பிட்டார். வேறு அழைப்பில் இருப்பதாக வந்தது. தன்னைத் தானே கூப்பிட்டால் வேறென்ன வரும் என்று உறைத்ததும் அவள் எண்ணைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. பத்து நிமிடம். இருபது. நாற்பது. விரிப்புகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் தன் கல்யாண வாழ்க்கை சுருக்கமில்லாமல் தேய்க்கப்பட்டு வெளியே வருவதாக அவருக்குத் தோன்றியது.

கடைசியில் எடுத்தாள்.

"யாருகிட்ட பேசுன?"

"மெத்தைக்காரங்ககிட்ட."

"என்ன சொன்னாங்க?"

"நெறைய. வாங்க, நேர்ல பேசிக்கலாம்."

அந்தக் குரலில் கோபம் இல்லை. பதினொரு வருடத்தில் அவர் கேட்காத நிதானம் இருந்தது.

"நான் இப்படி நிதானமா பேசினா என் வீட்டுக்காரரு ரெண்டு நாள் வீட்டுப் பக்கமே வரமாட்டாரு," என்றாள் அக்கா.

அவர் உட்கார்ந்துவிட்டார். கடிகாரம் அதிர்ந்தது. மெத்தை கம்பெனி. அக்கா ஓடிவந்து உறையைக் கிழித்தாள். பச்சை சரியாக அழுந்தியது. ஆறு தலைகள் ஒரு மணிக்கட்டின் மேல் குனிந்தன.

"மேடம், வைச்சிடாதீங்க," என்றார். "காலையிலேருந்து எடுக்க முடியாம போச்சு. என் மனைவி என்ன சொல்லியிருந்தாலும் மனசுல வச்சுக்காதீங்க. பொறுமைதான் மேடம் என் பலம். யாரு எவ்வளவு திட்டினாலும் கேட்டுப்பேன். வேணும்னா இப்பவே திட்டிப் பாருங்க."

மறுமுனையில் ஒரு பெண் தாள் புரட்டினாள்.

"இந்த கால் உங்க வேலைக்காக இல்ல சார். உங்க மனைவி திங்கக்கிழமை எங்ககிட்ட வேலைக்குச் சேர்றாங்க, அவசரம்னா கூப்பிட இந்த நம்பரைக் குடுத்திருக்காங்க, எடுக்குறீங்களான்னு பார்த்தேன்."