மாடு புகாத கேட்டு

ஆறு வருஷமாக எனக்கு ஒரு வயிற்றெரிச்சல். ஜொகூரில், தம்போயில் என் இரும்புப் பட்டறைக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. சந்தின் முனையில் ஒரு கேட்டு. அந்தக் கேட்டு என் மோட்டார் சைக்கிளை உள்ளே விடாது. முன்பெல்லாம் வீட்டிலிருந்து சாக்கடை ஓரமாக வந்து சந்துக்குள் திரும்பினால் இரண்டு நிமிஷத்தில் பட்டறை. இப்போது பெரிய ரோட்டுக்குப் போய், இரண்டு சிக்னலில் வெயில் காய்ந்து, லாரிக்காரனிடம் திட்டு வாங்கி வந்து சேர்கிறேன். அந்தக் கேட்டை எந்த மடையன் வெல்டிங் பண்ணினான் என்று கேட்பீர்கள். நான்தான்.

பண்ண வைத்தவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் தனி ஆள் இல்லை, ஓர் இனம். ஓர் ஊருக்கு ஒரே ஒரு தடவை போய்விட்டு, அதற்குப் பிறகு சொந்த ஊருக்குத் திரும்பி வராதவர்கள். உடம்பு வந்திருக்கும், பெட்டி வந்திருக்கும், மருமகன் வாங்கிக் கொடுத்த கம்பளிச் சட்டையும் வந்திருக்கும். ஆள் வந்திருக்க மாட்டார். உங்கள் தாமானிலும், அதாவது குடியிருப்பிலும், ஒருவர் இருப்பார், தேடிப் பாருங்கள்.

எங்கள் தாமானில் அவர் பெயர் சாம்பசிவம். சிலோன்காரர். நில அளவை இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் பிரேமளாவின் பிரசவத்துக்காக இங்கிலாந்து போனார். பதினொரு வாரம். பேரனுக்கு இப்போது ஏழு வயது, பள்ளிக்கூடம் போகிறான். தாத்தாவுக்கு அந்தப் பதினொரு வாரம் இன்னும் முடியவில்லை.

லண்டனைப் பார்த்து மயங்கினாலாவது ஒரு நியாயம் உண்டு. இவர் மயங்கியது வயல்வெளியைப் பார்த்து. சிமெண்டு இல்லாமல் அடுக்கிய கல் சுவராம், ஆள் இல்லாத மேசையில் முட்டையை வைத்துவிட்டுப் போவார்களாம், முன்பின் தெரியாதவர் எதிரே வந்தாலும் நின்று மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் நகர்வார்களாம். இங்கே மழையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? ஒன்று பெய்யும், இல்லையென்றால் பெய்யப் போகும்.

சொன்னதோடு விட்டாரா? முன்வேலியைப் பிடுங்கிவிட்டுச் செடிவேலி நட்டார். அந்த நாட்டில் அப்படி ஒரு வேலி வளர்ந்து நிற்க நூறு வருஷம் ஆகுமாம். ஜொகூர் மண்ணில் நாலே மாதத்தில் அது மின்கம்பியைத் தொட்டது. ஐந்தாம் மாதம் அதற்குள் மலைப்பாம்பு குடிவந்தது. பொம்பாக்காரர்கள், தீயணைப்பு ஆட்கள், சாக்குப்பை கொண்டுவந்து பிடித்துப் போனார்கள். ஆள் இல்லாத முட்டை மேசை வைத்தார். முதல் நாள் முட்டை போனது, இரண்டாம் நாள் மேசை போனது. "ஆடுகள் மேய்கின்றன, நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்லவும்" என்று மூன்று மொழியில் பலகை மாட்டினார். எங்கள் சந்தில் ஆடு கிடையாது. நாய் உண்டு, பிடிக்க ஆள் கிடையாது.

காலை ஏழு மணிக்கு முழங்கால் வரை பச்சை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடைக்குக் கிளம்புவார். சேறு வேண்டாமா? அது இல்லாத இடத்தில் சாக்கடை ஓரமாகப் போய்த் தேடிக்கொள்வார். ஒருநாள் ஒரு சீனத்துப் பாட்டி அவரை நிறுத்தி, இன்றைக்கு வௌவால் மீன் என்ன விலை என்று கேட்டாள். இங்கே அந்தப் பூட்ஸ் மீன் சந்தைக்காரர்கள் போடுவது.

அவர் மனைவி செல்லப்பாக்கியம் அக்கா என் மனைவி சந்திரமதியிடம் சொன்னது இது: "நாற்பது வருஷம் எனக்குப் பின்னால ஒரு கடைத்தெருவுக்கு வராத மனுஷன். அங்க போய்ச் செம்மறி ஆட்டுக்குப் பின்னால மூண்டு மைல் நடந்தவர்."

கேட்டுக்கு வருகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்பு சந்துக்குள் மோட்டாரில் வந்த இரண்டு பேர், குடியிருப்போர் சங்கத் தலைவர் கமலநாதனின் மனைவி கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். சங்கம் கூடியது. சந்தை முழுக் கிரில் போட்டுப் பூட்டுவது என்று முடிவு. எனக்கு நல்ல வேலை. மனதுக்குள் இரும்பை அளந்துகொண்டிருந்தேன்.

சாம்பசிவம் எழுந்தார்.

"இங்கிலாந்தில ஒரு வழியை இருபது வருஷம் சனம் நடந்தால், அதை அரசனும் அடைக்க ஏலாது. நான் இருபத்தாறு வருஷம் நடந்திருக்கிறன்."

"சார், இது தம்போய் லா," என்றார் கமலநாதன். "திருடன் என்ன நடந்தா வரான்?"

"அதைத்தான் நானும் சொல்லுறன்." என் பக்கம் திரும்பினார். "ஐசே அய்யாவு, ஒரு கம்பி தாரும்."

கம்பியை வளைத்துக் காட்டினார். அரைவட்டமாக ஒரு கூண்டு, அதற்குள் ஆடுகிற ஒரு சின்னக் கதவு. ஆள் கூண்டுக்குள் நுழைந்து, மூலையில் ஒதுங்கி, கதவைத் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் போகலாம். மாட்டுக்கு உடம்பைத் திருப்ப இடம் இருக்காது. "இரண்டு கால் போகும், நாலு கால் போகாது. இரண்டு சில்லும் போகாது," என்றார். சில்லு என்று அவர் சொன்னது சக்கரத்தை.

என் கிரில் வேலை போனது. நல்ல யோசனை வேறு. கமலநாதன் ஒரு நிபந்தனை போட்டார்: "நடக்க ஆள் இருக்கிற வரைக்கும் இந்தக் கேட்டு. யாரும் நடக்கலேன்னா அடுத்த மாசமே கிரில் போட்டுப் பூட்டிடுவோம்."

அந்தக் கேட்டின் ஆங்கிலப் பெயரை அவர் கூட்டத்தில் சொல்லவில்லை. அக்கா சொல்லிவிட்டார். கூண்டுக்குள் நிற்பவர் பின்னால் வருகிறவருக்கு ஒரு முத்தம் கொடுத்தால்தான் கதவை விடுவார்களாம், அதனால் அது முத்தக் கேட்டாம். அலமாக். ஒரு மாதம் எங்கள் தாமான் பெண்கள், எதிரே ஆள் வந்தால் பத்தடி தள்ளி நின்று, அவர் போய் மறைந்த பிறகுதான் கூண்டுக்குள் கால் வைத்தார்கள்.

திருடன் வரவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். என் மோட்டார் சைக்கிளும் வரவில்லை. நாளாக ஆக மற்றவர்களும் காரில் முன்பக்கமாகவே போகப் பழகிவிட்டார்கள். கடைசியில் அந்தக் கேட்டுக்குள் தினமும் புகுந்து வந்தவர் ஒரே ஒருவர்.

போன மாதம் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன். அலுமினிய நடைச்சட்டம் கொடுத்தார்கள். முதல் நாள் காலை, சட்டத்தைத் தூக்கித் தூக்கி வைத்துச் சந்தில் வந்தார். நான் பட்டறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூண்டுக்குள் நுழைந்தார். மூலைக்கு ஒதுங்கினார். சட்டம் திரும்பவில்லை. பின்னால் வந்து, சாய்த்து, மறுபடி நுழைந்தார். சட்டத்துக்கு எத்தனை கால்? நாலு. கேட்டு அதன் வேலையைச் சரியாகப் பார்த்தது.

ஆறு வருஷம் காத்திருந்த நான் கட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"சார், நவுந்துக்குங்க. பத்தே நிமிஷம், அறுத்து எடுத்துடறேன்."

"தொடாதேயும்." மூச்சு வாங்கியது அவருக்கு. "எனக்கு ஏலாது எண்டதுக்காக ஒரு நல்ல கேட்டை அறுக்கிறதே? இந்தப் பக்கத்தில ஒரு பெஞ்சு செய்து போடும்."

அந்த ஊரில் நடைவழி ஓரமாகப் பெஞ்சு போட்டு, அந்தக் காட்சியை விரும்பிச் செத்துப்போனவர் பெயரைத் தகட்டில் வெட்டி வைப்பார்களாம். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களே என்றேன். அது தகட்டில் எழுத வேண்டிய விஷயம் இல்லை என்றார். செய்தேன். "சாம்பசிவம். இந்தக் காட்சியை விரும்பியவர்." காட்சி என்னவென்றால் சாக்கடை, கார் கழுவும் கடை, அதற்கு மேலே பாலத்தில் சிங்கப்பூருக்குப் போகிற வண்டி வரிசை.

நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். எந்த ஊர்க் கல், எந்த ஊர்த் தொப்பி, "அங்கெல்லாம் இப்படி இல்ல தெரியுமா" என்று நேற்று சாப்பாட்டு மேசையில் எத்தனை தடவை சொன்னீர்கள்? இந்த வியாதிக்கு விமான டிக்கெட் தேவையில்லை. பக்கத்து வீட்டிலிருந்தும் ஒட்டும். நான் பக்கத்து ஊர் கெலாங் பாத்தாவைத் தாண்டியவன் இல்லை. போன வாரம் யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆளிடம் நின்று, மழை வரும் போலிருக்கிறதே என்றேன்.

பெஞ்சை இறக்கிய அன்று அவர் உட்கார்ந்து பார்த்தார். பெஞ்சு ஆடவில்லை. சட்டத்தைப் பக்கத்தில் சாய்த்தார். கேட்டைக் கையால் காட்டினார்.

"அய்யாவு, ஒரு மாசம் ஆள் நடக்காட்டி கமலநாதன் பூட்டிப் போடுவான், கண்டீரோ."

"ஆமா சார்."

"நாளையிலிருந்து எனக்குப் பதிலா நீர் நடவும். பாலம் வரைக்கும் போய், என்ன இருக்குது எண்டு பார்த்துக்கொண்டு வந்து சொல்லும். மழையைப் பற்றியும் சொல்லும்."

நான் வெல்டிங் கம்பிகளைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினேன். நாலடி போயிருப்பேன், மறுபடி கூப்பிட்டார்.

"பூட்ஸ் வாசலில கிடக்குது. போட்டுக்கொண்டு போம்."