மாமாவின் ரிவால்வரை லேசாக்கிய கதை

கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கிடைத்துவிட்டால் எனக்கு நிதானம் போய்விடும். எதையும் திறந்து பார்த்துவிடுவேன், மூடத்தான் வராது. நான் பொறியாளன்தான், ஆனால் கணினிக்குள் எழுதுகிற பொறியாளன். இந்த வித்தியாசத்தை மாமனார் வீட்டில் நான் விளக்கிச் சொல்லவில்லை. (புது மாப்பிள்ளை. கிடைக்கிற மரியாதையை எதுக்கு விடணும்?)

நான் திருச்சிக்காரன். மனைவி மஞ்சுளா யாழ்ப்பாணத்துக் குடும்பம், வளர்ந்தது லண்டன். கல்யாணம் முடிந்து லண்டனிலேயே ரெய்னர்ஸ் லேனில், மாமா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் குடியேறிய முதல் கோடையில் இது நடந்தது. அங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் விளையாட்டுப் போட்டிக்கு மாமாதான் பொறுப்பு. ஓட்டங்களைத் தொடங்கிவைக்க ஒரு ரிவால்வர் வைத்திருந்தார். பயப்பட வேண்டாம், பொட்டு வெடி வைத்துச் சுடுகிற விளையாட்டுச் சாமான். ஆரஞ்சு நிறம். பின்னால் இருக்கும் சுத்தியலை இழுத்து நிறுத்திவிட்டு விசையை அழுத்த வேண்டும். அந்த விசை மகா இறுக்கம். அழுத்தி முடிப்பதற்குள் மாமாவுக்கு நாக்கு வெளியே வந்துவிடும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், வெடிச் சத்தத்துக்குக் காத்திராமல் நாக்கைப் பார்த்தே ஓடப் பழகியிருந்தார்கள்.

"தம்பி, நீர் இன்ஜினியர் எல்லோ. இந்த விசையை ஒருக்கா லேசாக்கித் தாரும்," என்றார் மாமா.

"அதுக்கென்ன மாமா, அஞ்சு நிமிஷ வேலை," என்றேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தேன். சுத்தியலைப் பிடித்து நிறுத்த உள்ளே ஒரு சின்னப் பல் இருந்தது. அது ஆழமாக மாட்டிக்கொள்வதால்தான் இறுக்கம் என்று கண்டுபிடித்தேன். (கண்டுபிடிப்பு சரிதான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.) மஞ்சுளா நகம் ராவுகிற அரத்தை எடுத்துப் பல்லைத் தேய்த்தேன். கொஞ்சம் லேசானது. இன்னும் தேய்த்தேன். வெண்ணெய் மாதிரி ஆனது. அதற்குப் பிறகும் தேய்த்தேன்.

"என்ர அரத்தால என்ன செய்யிறீங்கள்?" என்றாள் மஞ்சுளா.

"உங்க அப்பாவோட நாக்கை உள்ளே அனுப்பறேன்."

"வடிவாப் பாத்துச் செய்யுங்கோ. அவருக்கு இது வருசத்தில ஒரு நாள்."

போட்டி நாளன்று மாமா வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைத் தொப்பியோடு பூங்காவுக்கு வந்தார். முதல் ஓட்டத்துக்குத் துப்பாக்கியைத் தூக்கினார். விரல் பட்டதும் வெடித்தது. நாக்கு வரவேயில்லை. பிள்ளைகள் ஒரு கணம் குழம்பி நின்று, பிறகு ஓடினார்கள்.

"பட்டு மாதிரி இருக்குது தம்பி," என்றார் மாமா. நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளுக்குள் எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்தது தேசிக்காயும் (எங்கள் ஊரில் எலுமிச்சை) கரண்டியும் ஓட்டம். அதற்கு முன் சிறப்பு விருந்தினர் பேச வேண்டும். பள்ளி முழுவதையும் வரிசையாக நிறுத்தி, "பிள்ளையள், வெடிச் சத்தம் கேட்டால்தான் அசைய வேணும்," என்று மைக்கில் எச்சரித்தார் தலைமையாசிரியை ரஞ்சி ரீச்சர். மாமா அடுத்த ஓட்டத்துக்குத் தயாராகச் சுத்தியலை இழுத்துவைத்திருந்தார். விருந்தினருக்குக் கை தட்ட வேண்டுமே என்று துப்பாக்கியைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒரு தட்டுத்தான் தட்டினார்.

பைக்குள் வெடித்தது. பள்ளி முழுவதும் ஓடியது. எந்தப் பக்கம் ஓடுவது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. வாசலில் ஐஸ்கிரீம் வண்டி நின்றது. தேசிக்காய்கள் நாலா பக்கமும் உருள, பிள்ளைகளுக்குப் பின்னால் பெற்றோரும் ஓடினார்கள். விருந்தினர் வணக்கம் சொல்லக் கூப்பிய கையோடு தனியாக நின்றார். மாமாவின் பையிலிருந்து புகை வந்தது. நான் பாய்ந்துபோய், பிள்ளைகளுக்கென்று கரைத்து வைத்திருந்த ஆரஞ்சுச் சாற்றை ஒரு குடம் அப்படியே அவர் மேல் ஊற்றினேன். (புகைதான் வந்தது, நெருப்பு இல்லை. பிறகுதான் தெரிந்தது.)

வெள்ளைக் கால்சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, மாமா மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, நீர் உண்மையில என்ன இன்ஜினியர்?"

"சாஃப்ட்வேர், மாமா."

"ஓ. அதுதான் இவ்வளவு சொஃப்ட்டா வந்திருக்குது."

மாப்பிள்ளை மரியாதை இத்தோடு போச்சு என்று நான் காலிக் குடத்தைக் கீழே வைக்க, அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு என் கையைப் பிடித்து ஐஸ்கிரீம் வரிசைக்கு அழைத்துப் போனார். விருந்தினர் எங்களுக்கு முன்னால் நின்றார். மிச்ச ஓட்டங்களை மாமா விசில் ஊதி நடத்தினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது சட்டென்று கோபப்பட்டாலோ, கேட்குமுன் பதில் சொன்னாலோ, "விசை லேசு" என்பார்கள். பெரும்பாலும் என்னைத்தான். எங்கள் மகள் இதை ஊரறிந்த தமிழ் என்றே நினைத்து வளர்ந்திருக்கிறாள். போன மாதம் தமிழ்ப் பள்ளி வாய்மொழித் தேர்வில், அப்பாவைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார்களாம்.

"என்ர அப்பா நல்லவர், ஆனால் விசை லேசு," என்றிருக்கிறாள்.

தேர்வு நடத்தியவர் ரஞ்சி ரீச்சர். விளக்கம் கேட்காமலே முழு மதிப்பெண் போட்டுவிட்டார்.