மாமா பேர் என்ன?

எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று நானே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். அயனம்பாக்கத்தில் மாமனார் வீட்டில் இருந்தோம்.

மாமாவுக்கு மறதி ஆரம்பித்திருந்தது. சாப்பிட்டுக் கை கழுவியதுமே, "இன்னும் சோறு ஆவலியாம்மா?" என்பார். என்றைக்கோ விற்றுவிட்ட மாட்டைக் கட்டக் கயிறு தேடுவார். ஒருநாள் கடைக்குப் போனவர், வீட்டுக்கு வழி தெரியாமல் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் கணவருக்கு ஃபாக்டரியில் லீவு கிடைக்காததால், நானே மாமாவை அம்பத்தூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

பஸ்ஸில் அவரை நிம்மதியாக உட்கார விடவில்லை. "மாமா, கண்ணாடி இருக்கா? எங்க போறோம், சொல்லுங்க?"

"நீதானம்மா இட்டுகினு போற? உனுக்கே தெர்லியா?" என்றார். (பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள்.)

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் மாமாவின் மறதிகளை எல்லாம் கொட்டித் தீர்த்தேன். அவர் பேனாவை எடுத்தார்.

"பேஷண்ட் பேரு?"

"மாமா."

"அவர் பேரும்மா."

வாய் திறந்தது, பேர் வரவில்லை. கல்யாணப் பத்திரிகையில் பார்த்ததுதான். அதற்குப் பிறகு வாய்விட்டுச் சொன்னதே இல்லை. (மாமனார் பேரை மருமகள் சொல்வாளா?) கூச்சப்படுகிறேன் என்று நினைத்த டாக்டர், "எழுதியாவது காட்டுங்க" என்று பேப்பரை நீட்டினார். எழுதவும் வரவில்லை.

"முருகன் பேருதான் சார்... ஏதோ முருகன்..."

மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "டாக்டரே, என் பேரு கோதண்டம். இது என் மருமவ மல்லிகா. நல்ல பொண்ணு. கொஞ்ச நாளா இப்டித்தான் கீது. நீங்கதான் பாத்து அனுப்பணும்."

டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "இன்னிக்கு என்ன கிழமைம்மா?"

"புதன்," என்றேன். வியாழன்.

இருவருக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். (எனக்கு சத்து மாத்திரை.) மாமா அன்று நடந்தது ஒன்றையும் விடாமல் எதிர்வீடு வரைக்கும் சொல்லி முடித்தார்.

போகப்போக அவருக்குப் பெற்ற மகன் பேரே மறந்துபோனது. ஆனால் நான் சோறு ஊட்டத் தட்டோடு எதிரில் உட்கார்ந்தால் கண்ணில் ஒரு குறும்பு வரும். "என் பேரு இன்னா, சொல்லு பாப்போம்?"

"கோதண்டம்."

தலையாட்டிவிட்டு வாயைத் திறப்பார்.

இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. அடுப்படிக்கு எதற்கு வந்தோம் என்று நான் திகைத்து நின்றால், ஹாலிலிருந்து மகள் குரல் கொடுக்கிறாள். "அம்மா, தாத்தா பேரு?"

"கோதண்டம்!" என்று கத்துகிறேன். எதற்கு வந்தேன் என்பதுதான் ஞாபகம் வருவதில்லை.