வெயில் பாதி, மழை பாதி

தன் பொய்யைத் தானே முந்நூறு பிரதி எடுக்கிற யோகம் யோகேஸ்வரனுக்கு வாய்த்தது.

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவன் ஒரு போட்டோ கொப்பிக் கடை வைத்திருந்தான். டயகமவைச் சேர்ந்த துஷாந்த் வரைகிற ‘பதினேழாம் நம்பர் மலை’ என்ற படக்கதைத் தொடர் அங்கேதான் அச்சாகியது. வசனம் கிடையாது, பக்க எண் கிடையாது, நாற்பது பக்கமும் வெறும் படம். மூன்று புத்தகங்கள் வந்துவிட்டன. கொழும்புப் பத்திரிகை புகழ்ந்தது. சென்னையிலிருந்து பாராட்டினார்கள். கனடாவில் ஒருவர் விம்மி விம்மி அழுததாக எழுதியிருந்தார். இப்போது நான்காவது புத்தகத்தின் பின்னட்டை மிஷினிலிருந்து வந்து விழுந்துகொண்டிருந்தது. அதில் இப்படி இருந்தது:

‘இந்த மழை நம்மேல் பெய்கிற மழை. – க. யோகேஸ்வரன், ஹட்டன்.’

உண்மை என்னவென்றால், அந்த மூன்றில் ஒன்றுகூட அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஆசையோடுதான் முதல் புத்தகத்தைத் திறந்தான். எட்டாம் பக்கத்தில் குளவி கொட்டி ஒருவன் செத்துப்போகிறான். தேயிலைத் தொழிலாளர் குடியிருக்கும் லயமே கூடி அழுகிறது. இருபத்தைந்தாம் பக்கத்தில் அதே ஆள் வாசலில் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்த்தபடி ரொட்டி தின்கிறான். ஒரு பிள்ளை முதலில் பள்ளிக்கூடம் போகிறது, அதற்குப் பிறகு பிறக்கிறது. அடுத்த இரண்டு புத்தகங்களிலும் இதே கூத்துதான்.

யோகேஸ்வரன் ஏமாந்துபோனான். ஏமாற்றத்தைவிட வெட்கம்தான் அவனை அதிகம் பிடுங்கித் தின்றது. கனடாக்காரனுக்குப் புரிந்து அழுகை வருகிறது. அதே மலையில் பிறந்து, குளவிக்குப் பயந்து ஓடி வளர்ந்த தனக்கு ஒன்றும் புரியவில்லையே! ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் மண்டையில் வேறென்ன இருக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாசகர் வட்டத் தலைவர் ஆண்டியப்பன் சேர் கடைக்கு வந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். எதைக் கேட்டாலும் பரீட்சை வைப்பதுபோலவே கேட்பார்.

"யோகேஸ், நீங்க அச்சடிக்கிறதோட சரியா, இல்ல படிக்கவும் செய்றீங்களா?"

"படிக்காம இருப்பேனா சேர்?"

"எந்த எடம் புடிச்சிருக்கு?"

மூன்று புத்தகத்திலும் அவன் கவனித்தது ஒன்றே ஒன்றுதான். "மழைங்க சேர். முன்பாதி முழுக்க வெயிலா இருக்கு. பின்பாதி முழுக்க மழையா இருக்கு."

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அடடா! இதையேதான் கொழும்புப் பேப்பர்லயும் எழுதியிருந்தாங்க. காலத்தையே ரெண்டா பொளந்து வச்சிருக்கான்னு! பின்னட்டைக்கு நீங்க ரெண்டு வரி எழுதித் தாங்க."

யாருக்கும் புரியாதபடி எழுதிக் கொடுத்தால் வேண்டாமென்று விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டு யோகேஸ்வரன் எழுதியதுதான் அந்த மழை வரி. புரியாமல் இருந்ததாலேயே அது அட்டைக்கு ஏறிவிட்டது.

நான்காவது புத்தகம் வெளிவந்த மாதமே துஷாந்த் போன் எடுத்தான்.

"அண்ணே, அஞ்சாவது புத்தக வெளியீட்டுல ஒங்களுக்குப் பொன்னாடை போத்துறோம். நீங்க பேசணும்."

"எனக்கு எதுக்கு தம்பி? எல்லாம் மிஷின் பண்ற வேல."

"சும்மா இருங்கண்ணே. இந்தப் புத்தகம் இப்படி வந்ததுக்கு யாரு காரணம்னு எனக்குத் தெரியும். நீங்க வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லலையே, அதாண்ணே பெரிய மனசு."

அச்சு சுத்தமாக இருப்பதைச் சொல்கிறான் போலும் என்று யோகேஸ்வரன் நினைத்துக்கொண்டான். மேடை ஏறினால் பொய் அம்பலமாகிவிடும். தொண்டை கட்டிவிட்டது, பேச முடியாது என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டான்.

"அப்ப ரெண்டு வாரம் தள்ளி வைப்போம்ண்ணே. நீங்க பேசாம விழா இல்ல" என்றான் துஷாந்த்.

விழா தள்ளிப்போனது. ஒருவர் பேச்சுக்காகத் தேதியே மாறுகிறதென்றால் அந்தப் பேச்சில் என்னவோ இருக்கிறது என்று ஊருக்குள் கதை பரவியது. ஐம்பது பேர் மண்டபம் போதாதென்று இருநூறு பேர் மண்டபம் பிடித்தார்கள். வீட்டில் மனைவி சுலக்ஷனா வேளைக்கு ஒரு கோப்பை கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். நன்றாக இருந்த தொண்டைக்காக அவன் அதையும் குடித்துத் தொலைத்தான்.

கடைசியில் வெட்கத்தை விட்டு மனைவியிடம் நாலு புத்தகத்தையும் நீட்டினான். "நீயும் ஒரு தடவ பாரு. இதுல என்னதான் இருக்கு?"

"பின்னட்டையில எழுதினது நீங்க. என்னக் கேக்குறீங்களே!"

அடுப்படியிலிருந்து மாமியார் அம்மாக்கண்ணு குரல் கொடுத்தாள். முப்பத்தோரு வருஷம் கொழுந்து பறித்தவள். ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. போன வாரம் கண் ஆபரேசன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் மாப்பிள, நல்லாத்தானே இருக்கு? எனக்கு எல்லாம் தெளிவா வெளங்குதே."

யோகேஸ்வரன் இன்னும் ஒரு சாண் குறைந்துபோனான். எழுத்துத் தெரியாத மாமியாருக்கும் விளங்குகிறது. அவன் ஒருவன்தான் முட்டாள்.

அன்றும் துஷாந்தின் ஐந்தாவது புத்தகப் படங்கள் அடுப்பங்கரையில் காய்ந்துகொண்டிருந்தன. பனி ஈரம் ஏறிய தாளை வைத்தால் மிஷின் சுருட்டி இழுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு புத்தகத்துக்கும் மூலப் படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்புச் சூட்டில் தரையில் பரப்பி வைத்துவிட்டுத் தூங்குவான். காலையில் மாமியார் அள்ளிக் கட்டிவைத்திருப்பாள். இந்த முறை அவளால் குனிய முடியாததால் அந்த வேலையும் அவன் தலையில் விழுந்தது. பரப்பிய வரிசையிலேயே எடுத்துக் கட்டினான். படங்களைப் பார்க்க மட்டும் மனம் வரவில்லை. புரியாத ஐந்தாவதையும் பார்த்து எதற்கு நோகவேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் சுலக்ஷனா புதுச்சேலையோடும் அம்மாக்கண்ணு கறுப்புக் கண்ணாடியோடும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆண்டியப்பன் சேர் ஐந்தாவது புத்தகத்தை உயர்த்திக் காட்டினார். "இது முந்தாநாள் என் கைக்கு வந்துச்சு. ரெண்டு தரம் படிச்சிட்டேன். இதுலயும் முன்பாதி வெயில், பின்பாதி மழை! காலத்தப் பொளக்கிறதுல இதுதான் உச்சம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. யோகேஸ்வரனுக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மனப்பாடம் செய்துவந்த நாலு வரியும் நினைவில் இருந்தன. ஆனால் எதிரே துஷாந்த், அண்ணன் என்ன சொல்லப்போகிறாரோ என்று வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த முகத்துக்கு நேரே இன்னொரு பொய் சொல்ல யோகேஸ்வரனுக்கு நாக்கு வரவில்லை.

"எனக்கு... இந்தப் புத்தகம் ஒண்ணும் வெளங்கலைங்க" என்றான். "நாலும் வெளங்கல. பின்னட்டையில எழுதினது பொய். செத்தவன் ரொட்டி திங்கிறான், அது ஏன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி நடிச்சேன். தம்பி, என்ன மன்னிச்சிரு. இந்தப் பொன்னாடைய எடுத்துருங்க, ஒடம்பெல்லாம் கூசுது."

சுலக்ஷனா தலையைக் குனிந்துகொண்டாள். யோகேஸ்வரனுக்கு அந்த மேடையே பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

துஷாந்த் மெதுவாக மேடைக்கு ஏறினான். அவன் முகமும் சிவந்திருந்தது.

"அண்ணே, எனக்கும் வெளங்கலண்ணே."

"என்ன தம்பி சொல்ற?"

"நான் சாதாரணமாத்தான் வரஞ்சேன். புள்ள பொறக்குது, வளருது, பள்ளிக்கூடம் போகுது. கடைசிப் பக்கத்துலதான் அப்பன் சாகுறான். அச்சாகி வந்தப்போ எல்லாம் மாறிக் கெடந்துச்சு. ஒங்ககிட்ட சண்டைக்கு வரணும்னு பஸ் ஏறப் போனேன். அதுக்குள்ள கொழும்புப் பேப்பர்ல பாராட்டி எழுதிட்டாங்க. நீங்கதான் யோசிச்சு மாத்தியிருக்கீங்கன்னு நெனச்சு, வெக்கத்துல வாய மூடிக்கிட்டேன்."

"நான் ஒரு தாளக்கூட மாத்தலையேப்பா!"

இருநூறு பேரும் யோகேஸ்வரனையே பார்த்தார்கள். அப்போது முன்வரிசையில் அம்மாக்கண்ணு எழுந்து நின்றாள்.

"மாப்பிளைய ஏன் மொறைக்கிறீங்க? அடுக்குனது நான்தான். வெயில் படமும் மழப் படமும் கலந்து கெடந்துச்சு. கொழுந்தையும் முத்தலையும் பிரிக்கிற மாதிரி வெயில ஒரு பக்கம், மழைய ஒரு பக்கம் பிரிச்சு வச்சேன். கலஞ்சத அடுக்கி வச்சது தப்பா?"

முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு மண்டபமே சிரித்தது. யோகேஸ்வரனுக்கு நாலு புத்தகத்துப் பாரமும் ஒரே மூச்சில் இறங்கியதுபோல இருந்தது. ஆண்டியப்பன் சேர் மட்டும் அசரவில்லை. மைக்கைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"பாத்தீங்களா! தோட்டத்துக் கை தொட்டா எப்படி வருதுன்னு! அம்மா, அந்த அஞ்சாவது புத்தகத்துல மழைய ஒதுக்கி வச்சீங்களே, அதப் படிச்சிட்டு எனக்கு ராத்திரி தூக்கம் வரலம்மா!"

அம்மாக்கண்ணு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவரை நன்றாகப் பார்த்தாள்.

"அஞ்சாவதுங்களா சேர்? கண்ணு ஆபரேசன் பண்ணிக் கெடந்தேனுங்களே, அத நான் தொடவே இல்லைங்களே! அதுல வெயிலும் மழையும் கலந்துதானே கெடக்கும்?"