கரடி, கீரி, என் சட்டை

கரடியையும் கீரியையும் பற்றி எங்கள் இஸ்திரிக்காரருக்குத் தெரிந்த அளவு அந்தக் கரடிக்கும் கீரிக்குமே தெரியாது. அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் எங்கள் அடுக்குமாடி வாசலில் வண்டி போட்டிருந்தார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. குழந்தைகள் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் ‘கரடி இஸ்திரி’.

துணியை நீவிக்கொண்டே ஆரம்பிப்பார்.

“கரடிக்குக் கண்ணு மந்தம்மா. மூஞ்சிக்கு எதிர்ல கீறத காணோம்னு காட்டையே பொரட்டிப் போடும். கீரி அப்டி இல்ல. பின்னங்கால்ல நின்னு ஒரு தபா பாக்கும். எது எங்க கீதுன்னு அதுக்குத் தெரியும்.”

வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் கவலைப்படாமல் ஐந்தாறு பெண்கள் நின்று கேட்பார்கள். அதில் ஒருத்தி என் மனைவி.

நான் பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதிப் பன்னிரண்டு வருடமாகிறது. எழுதியதை முதலில் அவளிடம்தான் நீட்டுவேன். மளிகைச் சீட்டைப் படிக்கிற முகத்தோடு படித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்பாள். அதே மனைவி, அந்த வண்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். மூன்றாவது மாடி வரை கேட்கும். எனக்கு வயிறு எரியும். இதைப் பொறாமை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்படி என்னதான் சொல்கிறார் என்று ஒருநாள் பால்கனியில் காயும் போர்வைக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“கரடி புத்துல வாய வச்சு கரையான உறியும் பாரு, அடுத்த மலைக்குக் கேக்கும். கீரி துன்னுச்சா இல்லியான்னே தெரியாது.”

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அன்று மதியம் நான் ரசத்தை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. சாப்பாட்டு மேஜையில்கூட அந்த ஆள் நினைப்பா என்று எனக்கு ரசமே இறங்கவில்லை.

நானும் விடவில்லை. ஒட்டகச்சிவிங்கியைப் பற்றி ஒரு வாரம் படித்து, அவளிடம் கால் மணி நேரம் பேசினேன். முடித்ததும், “அரிசி தீந்துடுச்சு, வாங்கணும்” என்றாள்.

இனி அந்த ஆளின் சாயத்தை வெளுத்துவிட வேண்டியதுதான் என்று, ஞாயிற்றுக்கிழமை காலை துணி மூட்டையை நானே தூக்கிக்கொண்டு போனேன். மனைவியும் பின்னாலேயே வந்தாள். எல்லோரும் கூடியிருந்த நேரமாகப் பார்த்துக் கேட்டேன்.

“நீங்க கரடிய நேர்ல பாத்திருக்கீங்களா?”

“தெனமும் பாக்கறேன் சார்” என்றார் அவர், தலை நிமிராமல்.

“எங்க?”

என் சட்டையை எடுத்து விரித்தார்.

“முதுகுல நூலு நைஞ்சு கீது பாரு. கரடி மரத்துல தேய்க்கும், நீ செவுத்துல சாஞ்சுகினு எழுதற. இது ரசம், தொவைச்சும் போவல.” பாக்கெட்டில் கைவிட்டு என் மூக்குக் கண்ணாடியை எடுத்தார். இரண்டு நாளாக நான் வீட்டையே புரட்டிப்போட்டுத் தேடியது, வாஷிங் மெஷினில் குளித்துவிட்டு வந்திருந்தது. “கோச்சுக்காத சார்.”

பிறகு மனைவியின் துப்பட்டாவை நீவினார். “இடுப்புல இறுக்கிக் கட்ன மடிப்பு, ஒரு பொட்டு கறை இல்ல. இது கீரி.”

முதலில் சிரித்தது என் மனைவிதான். இத்தனை நாளும் அவள் கால் கடுக்க நின்று கேட்டது என் கதையை. பன்னிரண்டு வருடம் எழுதி என்னால் முடியாததை, என் சட்டையை வைத்தே ஒருவர் செய்திருக்கிறார். பொறாமை குறையவில்லை, இரண்டு மடங்கானது.

போன வருடம் வாடகை கட்டுப்படியாகாமல் அவர் திருநின்றவூருக்குப் போய்விட்டார். இப்போது வருகிறவர் மடிப்புக் கலையாமல் தேய்த்துத் தருகிறார், வாயே திறப்பதில்லை. மனைவியும் மூட்டையைக் கொடுத்த கையோடு திரும்பிவிடுகிறாள்.

அதனால் மாதம் ஒரு ஞாயிறு, ஒரே ஒரு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு இருவரும் அம்பத்தூரில் ரயில் ஏறுகிறோம்.

“வா சார், கரடி இன்னா சொல்லுது?” என்பார் அவர்.

கிளம்புவதற்கு முன் சட்டையை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். ரசக் கறை இல்லையென்றால், கொஞ்சம் சிந்திக்கொள்வேன்.