பின் டயர் ஏன் தேய்ந்தது?

டயர் விஷயத்தில் மட்டும் அவசரப்படவே கூடாது என்று எர்மெஸ் பொன்ஃபாத்தி ஒரு முடிவு எடுத்தார். அப்படி அவசரப்படாமல் இருந்ததில் மூன்று வருஷம் ஓடிப்போய்விட்டது.

இத்தாலியில் மோதெனா பக்கத்தில் நாலு டயருக்கு மூன்று வருஷம் யோசிக்கிற ஆளைப் பைத்தியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். "நல்லா யோசிச்சுப் போடு" என்பார்கள். வண்டி என்றால் அந்த ஊருக்கு அப்படி ஒரு பக்தி. எர்மெஸ் தரை ஓடு சுடுகிற தொழிற்சாலையில் சூளை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கொட்டகையில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. இரண்டே இருக்கை. எஞ்ஜின் மூக்கிலும் இல்லை, வாலிலும் இல்லை. ஓட்டுகிறவர் முதுகை ஒட்டி வண்டியின் நடு வயிற்றில் உட்கார்ந்திருக்கிறது. சாவியைத் திருப்பினால் அந்த உறுமல் காதுக்குப் போகாது, நேரே முதுகுத்தண்டில் ஏறும். இருபத்திரண்டு வருஷமாக ஏறிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கும் எர்மெஸுக்கு மயிர்க்கூச்செறியும், கண் கலங்கும்.

அந்த இருபத்திரண்டு வருஷத்தில் மனைவி நீவெஸை ஸ்டியரிங் பக்கம் அவர் அண்டவிட்டதே இல்லை.

அவள் கேட்காமலா இருந்தாள்? மலை மேலே பியேவெபெலாகோவில் அவள் தங்கை ஆர்ஜியா இருக்கிறாள். ஒரே ஒரு தடவை, செப்டம்பர் திருவிழாவுக்கு, தானே அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போய் ஆர்ஜியா வாசலில் ஜம்மென்று இறங்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. எர்மெஸும் வருஷத்துக்கு ஒரு காரணம் வைத்திருந்தார். பிரேக் சரியில்லை என்றார். கிளட்ச் கல்லு மாதிரி இருக்கிறது என்றார். பாழாய்ப்போன மெக்கானிக் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டான். கடைசியில் கை கொடுத்தது டயர்தான்.

"பின் டயர் ரெண்டும் வழுக்கையாப் போச்சு, நீவெஸ். நடுவுல எஞ்ஜின் இருக்கற வண்டி இது. வளைவுல பயந்துபோய் ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தே, பின்பக்கம் பம்பரமா சுத்திக்கிட்டு முன்னாடி வந்து நிக்கும். புது டயர் போட்டதும் நீதான் ஓட்டறே. சத்தியம்!"

டயர் வாங்கினால்தானே சத்தியத்துக்கு வேலை? அன்றிலிருந்து எர்மெஸ் தேர்வு செய்துகொண்டே இருந்தார்.

ஆனால் ஒரு விஷயம் அவருக்கே பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி ஓடுகிற வண்டிக்குப் பின் டயர் இப்படியா தேயும்? கிலோமீட்டர் காட்டுகிற முள்ளைக் கேட்கலாம் என்றால் அது செத்து ஒன்பது வருஷம். வண்டிக்கு வயசு ஏறாமல் இருக்கிறதே என்று அவர் அதைச் சரிசெய்யவே இல்லை. ஆகவே வியாழக்கிழமை சீட்டாட்டத்தின்போது பாரில் தாமே ஒரு சித்தாந்தத்தை வெளியிட்டார். "எஞ்ஜின் பாரம் பூரா பின் டயர் மேல. நின்ன இடத்துலயே தேயுது!" சீட்டுக் கையோடு நாலு பேரும் பிரமித்துப் போனார்கள். வீட்டுக்கு வந்து நீவெஸிடமும் சொன்னார். அவளும் "அடேயப்பா!" என்றாள்.

சமையலறை மேஜையில் பாதியில் அவள் தோர்தெல்லினி என்கிற இறைச்சிக் கொழுக்கட்டைக்கு மாவு தேய்ப்பாள். மறுபாதியில் இவர் டயர் புத்தகங்களைப் பரப்புவார்.

"இதைக் கேளு. முன்னாடி ஒல்லி, பின்னாடி அகலம். ரெண்டும் வேற வேற அளவு. எப்பேர்ப்பட்ட மூளைக்காரன் யோசிச்சிருக்கான் பாரு!"

"ம்."

"இந்த டயர் மெத்து ரப்பர். காஞ்ச ரோட்டை அப்படியே கவ்வும், மழைன்னா வழுக்கும். இது மழையில நிக்கும், ஆனா கவ்வல் ஒரு மாத்து கம்மி. எதை வாங்கறது? ராத்தூக்கம் போச்சு எனக்கு."

"எங்கே ஓட்டப் போறே?"

"கேள்வி அது இல்லை!"

"டயர் வாங்கறவனுக்கு அதை விட்டா வேற எது கேள்வி? சரி, டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கே, அது என்ன?"

"பிறந்த தேதி. எத்தனாவது வாரம், எந்த வருஷம்னு. பழைய டயர் பார்க்கப் புதுசாட்டம் இருக்கும், உள்ளே இறுகிப் போயிருக்கும்."

"காஞ்ச மாவு மாதிரி."

"மாவாம் மாவு! இது விஞ்ஞானம், நீவெஸ்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் பேச்சை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதே கிடையாது. எர்மெஸ் பூரித்துப்போய்ப் பாடத்தை இன்னும் இரண்டு வருஷம் இழுத்தார்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு போன் வந்தது. டயர் கடை லோரிஸ், எர்மெஸோடு ஒரே பெஞ்சில் படித்தவன்.

"டேய், உன் டயர் வந்திருக்கு. வண்டியை எடுத்துட்டு வா."

"எந்த டயர்? நான் இன்னும் முடிவே பண்ணலையே!"

"நீ எங்கே பண்ணப்போறே? நீவெஸ் பண்ணிட்டா."

எர்மெஸ் போனை வைத்தார். அந்த நாலு டயரில் ஒரு குற்றம், ஒரே ஒரு குற்றம், கண்டுபிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங் போச்சு. நீவெஸோடு கடைக்குப் போனவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையில் மண்டியிட்டார். அளவு வண்டிப் புத்தகத்தில் உள்ளபடியே இருந்தது. நாலும் ஒரே கம்பெனி, ஒரே ரகம். பிறந்து ஆறே வாரம். திடீரென்று முகம் மலர்ந்தது.

"மழை டயரா வாங்கியிருக்கே? கவ்வல் போச்சே!"

"மலை ஏறப்போறோம், எர்மெஸ். செப்டம்பர்ல பாரிகாத்சோ ஊரைத் தாண்டினா மத்தியானம் ரெண்டு மணிக்கு மழை. கவ்வறது இருக்கட்டும், முதல்ல ரோட்டுல நிக்கணும்."

லோரிஸ் குறுக்கே வந்தான். "முதல்ல வந்த செட்டைத் திருப்பி அனுப்பிட்டாடா உன் பெண்டாட்டி. கட்டை விரலால ஒரு அமுக்கு அமுக்கி, 'இது பழசு'ன்னா. நம்பரைப் பார்த்தா மூணு வருஷப் பழசு! முப்பது வருஷமா டயர் விக்கறேன், எனக்கு வராத கை அது."

உள்ளதைச் சொன்னால், இன்னும் பத்து வருஷம் யோசித்திருந்தாலும் எர்மெஸ் இதைத்தான் வாங்கியிருப்பார். இவளா? மாவு தேய்க்கிறவளா? ஆனாலும் கடைசி அம்பு ஒன்று மிச்சம் இருந்தது. லோரிஸ் டயர் மாட்டி முடிக்கும்வரை காத்திருந்து தொண்டையைச் செருமினார்.

"ஒரு சின்ன விஷயம். புது டயர் மேல வார்ப்பு அச்சுல பூசின வழவழப்பு ஒட்டியிருக்கும். முதல் முந்நூறு கிலோமீட்டர் கண்டவங்க ஓட்டக் கூடாது. அதுக்குன்னு ஒரு கை வேணும்."

"எப்படிப்பட்ட கை?" என்றாள் நீவெஸ், அப்பாவியாக.

"பதமான கை! திடீர்னு மிதிக்கக் கூடாது. சடார்னு பிரேக் போடக் கூடாது. வெடுக்குனு திருப்பக் கூடாது. பொறுமையா, ஒரே சீரா, நிதானமா..."

லோரிஸ் ஸ்பானரைக் கீழே வைத்தான். எர்மெஸைப் பார்த்தான். நீவெஸைப் பார்த்தான்.

"போன மாசம் தபால் வேன் முந்திட்டான்னு மானம் போன மாதிரி துரத்திக்கிட்டுப் போனது யாருடா? நீ சொல்றது உன்னை இல்லை. இந்தம்மாவை."

எர்மெஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதை ஐந்து வாக்கியம் முன்னாலேயே செய்திருக்க வேண்டும். நீவெஸ் கையை நீட்டினாள். சாவி போயிற்று.

திருவிழா ஞாயிறு. எர்மெஸ் தம்முடைய வண்டியில் முதல் முறையாக இடம் மாறி உட்கார்ந்தார். கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டார், கண்ணை மூடிக்கொண்டார். முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது, போனது. இரண்டாவதும் போனது. அவர் மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தார்.

அடேயப்பா! வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்கிறாள். உள்ளே போனபிறகு காலை எடுப்பதே இல்லை. வெளியே வரும்போது மாவை விரிக்கிற மாதிரி மெல்ல, ஒரே சீராக மிதிக்கிறாள். பாரிகாத்சோ தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மணி இரண்டு பத்து. டயர் ஒரு இம்மி நழுவவில்லை. முதுகுக்குப் பின்னால் எஞ்ஜின் பாடியது. அவர் ஓட்டும்போது அது உறுமித்தான் கேட்டிருக்கிறார், பாடிக் கேட்டதில்லை. எது பெரிய அதிசயம், வண்டியா, இவளா என்று அவருக்குப் புரியவே இல்லை.

ஆர்ஜியா வீட்டு வாசல். ஏப்ரனோடு ஓடிவந்த தங்கை வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். நீவெஸ் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுக் கண்ணாடியில் முடியைச் சரிசெய்துகொண்டாள்.

"நீவெஸ், உனக்குக் கோவில் கட்டலாம்!" என்றார் எர்மெஸ். "முதல் தடவையிலேயே இப்படி ஒரு ஓட்டு! வளைவுல காலை எடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லிக் கொடுத்ததை எவ்வளவு பத்திரமா ஞாபகம் வெச்சிருக்கே!"

"வியாழக்கிழமை ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் நீ பார்ல சீட்டாடறே இல்லை?"

"ஆமா, பத்து வருஷமா. அதுக்கு இப்போ என்ன?"

"அஞ்சு மணிக்குள்ள வண்டியைக் கொட்டகையில விட்டுடணும். அதான் இத்தனை நாளா ஆர்ஜியா வீடு வரைக்கும் வர முடியலை." கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவள் திரும்பிப் பார்த்தாள். "ஏன் எர்மெஸ், பின் டயர் நின்ன இடத்துலயே தேயும்னு நீ நிஜமாவே நம்பினியா?"