ஈரத்துக்கு ஒரு ராத்தல் கழிவு

1936 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை. நாட்குறிப்பின்படி, காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். வேப்பங்குச்சியால் பல் துலக்கினேன். ஐந்தரைக்கு ஐந்து இட்லி. அதில் ஒன்று உடைந்திருந்தது (அதையும் ஒன்றாகவே கணக்கிட்டிருக்கிறேன்). ஆறேகாலுக்குப் போடியில் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியைத் திறந்தேன். சாரல். இதுவரை எழுதியிருப்பதில் நான் வெட்கப்பட ஒன்றுமில்லை. அன்று அதற்குமேல் எழுதியதை என் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும்போது மட்டும் இன்றைக்கும் குரல் தானாக இறங்கிவிடுகிறது.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. போடிமெட்டுக்கு அப்பால் இருந்த ஓர் ஏலத்தோட்டத்தின் கிட்டங்கியில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை. தினமும் தபால் பையைச் சுமந்து மலையேறி இறங்க ஓர் ஆள் பார்த்து அனுப்பும்படி மேலிருந்து மானேஜர் எழுதியிருந்தார். ஆனி முடியப்போகிற சமயம். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் புது வேலையில் யாரும் சேர மாட்டார்கள்.

ஆள் எடுக்க மற்றவர்கள் கண்ணை நம்புவார்கள். நான் தராசை நம்பினேன். பந்தயக் குதிரை ஓட்டுகிறவர்கள் எடை குறைந்தவர்களாக இருக்க வேண்டும் என்று ஏதோ ஒரு பழைய பத்திரிகையில் படித்திருந்தேன். அதே நியாயம் மலைக்கும் பொருந்தும் என்று முடிவுகட்டி, நூற்றிருபது ராத்தலுக்கு (இன்றைய கணக்கில் ஐம்பத்து நாலு கிலோ) மேற்பட்டவருக்கு வேலை இல்லை என்று நானே ஒரு சட்டம் போட்டேன். (பந்தயத்தில் ஓடுவது குதிரை, மேலே இருப்பவர் அல்ல என்பது எனக்குப் பல வாரம் கழித்துத்தான் உறைத்தது.)

பதிவேட்டில் பதினொரு பத்திகள் கோடு போட்டேன். பெயர், தகப்பனார் பெயர், ஊர், மொத்த எடை, சாக்கு எடை, ஈரக் கழிவு, நிகர எடை என்று அது நீளும். ஏலக்காய் மூட்டைக்குக் கழிப்பதுபோலவே, தராசுப் பலகையில் விரித்த சாக்குக்கு இரண்டு ராத்தலும், நனைந்த வேட்டிக்கு ஒரு ராத்தலும் கழிவு. முன்மாதிரியாக நானே முதலில் ஏறி உட்கார்ந்தேன். நிகரம் நூற்றுப் பன்னிரண்டு. தகுதி.

இரண்டு பேர் வந்திருந்தார்கள். கடைவீதியில் அண்ணனுடைய ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்த சின்னச்சாமி நூற்று நாலு ராத்தல். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து வீரணன். முப்பத்தைந்து வயது, பருத்த உடம்பு, அதற்கேற்ற வயிறு. அவர் உட்கார்ந்ததும் உத்தரம் முனகியது. காய் ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் முறங்களைக் கீழே வைத்தார்கள்.

“பாத்து உக்காருப்பா. அந்தத் தராசுக்கும் பிள்ளகுட்டி இருக்கு” என்றார் அவர்களில் மூத்தவரான முத்தக்காள்.

எல்லோரும் சிரித்தார்கள். வீரணனும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை; கழித்துக்கொண்டிருந்தேன். நிகரம் நூற்றெண்பத்தேழு. அறுபத்தேழு ராத்தல் கூடுதல் என்று அறிவித்தேன்.

“எந்த அறுபத்தேழுன்னு சொல்லுங்க ரைட்டரய்யா. அத இங்கன வச்சிட்டு மிச்சத்தோட போறேன்” என்றார் வீரணன்.

பிறகு பலகையைவிட்டு இறங்கி, பெண்களுக்குக் கேட்காதபடி பேசினார். இந்த வேலை கிடைத்தால் குடும்பம் கீழேயே இருக்கலாம். இல்லையென்றால் நாளைக்கே மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப்பக்கத் தோட்டத்தில் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போகவேண்டும். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பதிலுக்குக் காத்திருக்கிறார். மூத்த பிள்ளையை அந்த லயத்துக் காய்ச்சலில்தான் பறிகொடுத்திருந்தார்கள். “இருக்கிறது ஒண்ணு. அதையும் அங்கன கொண்டுபோக அவ ஆத்தா மாட்டேங்கிறா” என்றார்.

சட்டம் அப்படி, நான் என்ன செய்ய என்றேன். அவர் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ‘தகுதி இல்லை’ என்று எழுதி, மை ஒற்றும் தாளும் வைத்து அழுத்தினேன்.

என் முறையை மானேஜரிடம் நேரில் விளக்க ஆசைப்பட்டு, பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தபால் பையைச் சுமந்த சின்னச்சாமியோடு நானும் கிளம்பினேன். அடிவாரத்து முந்தல் வரை வண்டி, அப்புறம் மலைப்பாதை. கங்காணியிடம் சம்மதம் சொல்ல வீரணனும் அதே பாதையில் பின்னால் நடந்து வந்தார்.

முதல் இரண்டு வளைவுகளைச் சின்னச்சாமி ஓடியே கடந்தான். ‘வேகம் மிக நன்று’ என்று குறித்தேன். மூன்றாவது வளைவின் ஈர நிழலில் அட்டைகள் அவன் காலில் ஏறின. அவன் அதற்கு முன் மலைமேல் கால் வைத்ததே இல்லையாம். “ரைட்டரண்ணே, எனக்கு எங்க அண்ணன் கடையே போதும்” என்று பையை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பினான். இறங்கிய வேகம் எடைக்குத் தக்கதாகவே இருந்தது.

பை இருபத்திரண்டு ராத்தல். தூக்கிக்கொண்டு நடந்தேன். பதினொன்று பத்துக்கு நாலாவது வளைவில் உட்கார்ந்தேன். பதினொன்று பன்னிரண்டுக்குப் படுத்தேன்.

வீரணன் வெற்றிலை மென்றபடி, சந்தைக்குப் போகிறவர்போல ஒரே சீராக நடந்து வந்தார். என்னைப் பார்த்தார். பையைத் தலையில் வைத்து, என்னை முதுகில் தூக்கிக்கொண்டார்.

“சாஞ்சுக்கிருங்க. ஏலமூட்டைன்னா சும்மா இருக்கும். நீங்க அசையிறீக.”

எத்தனை முறை இந்த மலை ஏறியிருக்கிறார் என்று அப்போதுதான் கேட்டேன்.

“எண்ணுனதில்ல. பதினாலு வருசமா மூட்ட தூக்குறேன். நீங்க தராசுகிட்டதான கேட்டீக, என்கிட்ட கேக்கலையே.”

கோபமாகச் சொல்லவில்லை. மூச்சும் வாங்கவில்லை. பதினொரு பத்திகளில் ஒன்றுகூட ‘மலை ஏறியிருக்கிறாரா?’ என்று கேட்கவில்லை என்பதை அந்த முதுகில் இருந்தபடி மனத்துக்குள் இருமுறை சரிபார்த்தேன்.

இரண்டரை மணிக்குத் தோட்டத்து முற்றத்தில் நுழைந்தோம். ஆட்கள் வரிசையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அறுபது பேராவது இருக்கும். மலையாளத்துக்காரரான மானேஜர் வெளியே வந்து, “எந்தா ரைட்டரே, சுகமில்லையோ?” என்றார்.

வீரணன் பதில் சொன்னார். “தபாலும் ரைட்டரும் வந்திருக்குங்கய்யா. ரைட்டர் நூத்திப் பன்னெண்டு ராத்தல். சாக்கு இல்ல, ஈரத்துக்கு மட்டும் ஒரு ராத்தல் கழிச்சுக்கிருங்க.”

சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று. நான் தேர்ந்தெடுத்த ஆள் எங்கே என்று மானேஜர் கேட்டார். ஓடிப்போனதைச் சொன்னேன். பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். சிவப்பு மை இருந்த வரியில் விரலை வைத்து, இது யார் போட்ட சட்டம் என்றார். நான்தான் என்றேன். அந்தத் தோட்டத்தில் நான் பேசிய முதல் உருப்படியான வார்த்தை அது. பேனாவை வாங்கி ‘இல்லை’ என்பதை நானே அடித்தேன். ‘தகுதி’ மட்டும் மிஞ்சியது.

வீரணன் குனிந்து அந்த வரியைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

“அப்ப, கங்காணிகிட்ட வரலைன்னு சொல்லிரவா?” என்றார். சொல்லுங்கள் என்றேன். நம்பாமல் மானேஜரிடமும் ஒரு முறை கேட்டுக்கொண்டார்.

பல வருடங்கள் அவரே தபால் சுமந்தார். மகள் போடியிலேயே வளர்ந்து, போடியிலேயே வாழ்க்கைப்பட்டாள். என் வீட்டில், நான் யாரையாவது பார்த்து, இவரால் இது முடியாது என்று வாயெடுத்தால் போதும், “ஈரத்தக் கழிச்சாச்சா?” என்று அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வரும்.

மறுநாள், ஜூலை 15, என் முழங்கால்கள் மடங்க மறுத்தன. கீழே போகும் தபால் காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். கிளம்பும் ஒவ்வொன்றையும் அனுப்புகைப் புத்தகத்தில் ரைட்டர் தன் கையால் பதிய வேண்டும். அன்று முதல் வேலையாக, வீரணனின் முதுகில் இருந்தபடியே எழுதினேன்: தபால் பை ஒன்று. ரைட்டர் ஒன்று.